தொண்டையில் வைத்த கை

மில் கூட்டத்தில் பாவு நூல் சுற்றுகிற வார்ப்பிங் பிரிவு பேசி முடித்துவிட்டது, இப்போது சைசிங் ஓடுகிறது, அடுத்தது தறி, அதாவது நான். இந்த ஹாலில் எதற்கு இவ்வளவு குளிர் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. தறி ஷெட்டில் ஈரக்காற்றை ஊதுவார்கள், நூல் அறுந்துபோகக் கூடாது என்று, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே என்ன அறுந்துபோய்விடப் போகிறது, என்னைத் தவிர. ஜெயச்சந்திரன் சார் பேசுகிறார். சைசிங்காரர் இல்லையா, நூலுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி பேச்சுக்கும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு மடிப்புக் கலையவில்லை. ஆக்சுவலா என்கிறார், பேசிக்கலி என்கிறார், நடுவில் ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி, எல்லாம் நித்யகல்யாணி மேடம் சொல்லிக்கொடுத்தது. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்த மேடம் எங்கள் எல்லோருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார், ஜெயச்சந்திரன் சாருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. அதைப் பஞ்சு என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. பஞ்சு மிதக்கிற இடத்தில் எனக்குப் பயம் கிடையாது. வார்ப்பிங் நூல், சைசிங் நூல், எல்லா நூலும் கடைசியில் எங்களிடம்தான் துணியாக வேண்டும், அப்படிப்பட்ட ஷெட்டுக்கு நான் சூப்பர்வைசர், எந்தத் தறி எப்போது மக்கர் பண்ணும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன், இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற நாலு முகம் எப்போது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. கையில் இருக்கிற தாள் வேர்வையில் வளைந்துபோயிருக்கிறது. முதல் வரி ஞாபகம் இருக்கிறது, எல்லோருக்கும் வணக்கம், என் பெயர் மகுடேஸ்வரி, தறிப் பிரிவிலிருந்து வருகிறேன். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், இதைச் சொல்ல எதற்கு இவ்வளவு பாடு.

நான் சொல்ல வேண்டியது இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. கண்ணாடி ரூமை எடுக்காதீர்கள். அவ்வளவுதான். போன வாரமே ஷெட்டில் இந்தப் பேச்சு அடிபட்டது, இன்று காலையில் கூட்டம் ஆரம்பித்ததுமே புரொடக்‌ஷன் மேனேஜர் தனசேகர் சார் திரையில் ஷெட்டின் படத்தைப் போட்டார். பச்சைக் கட்டமெல்லாம் இருக்கிற தறி, சிவப்புக் கட்டம் புதிதாக வரப்போகிற தறி. சிவப்பில் இரண்டே இரண்டு, அதுவும் சரியாகக் கண்ணாடி ரூம் இருக்கிற இடத்தில். படத்தில் அந்த ரூமே இல்லை. நேற்று வரை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, காலையில்கூட அதற்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், ஆனால் படத்தில் இல்லை. டிபார்ட்மெண்ட்ல கருத்து இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா எம்.டி. சார் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவாரு என்றார். கருத்து இருக்கிறது. நிறைய இருக்கிறது. இவ்வளவு நாளும் தறிக்காகப் பேசிய வேலுமணி சார் வேறு மில்லுக்குப் போய்விட்டார், அவர் இருந்திருந்தால் அவர் தலையெழுத்து, இப்போது என் தலையெழுத்து. எம்.டி. ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, சின்ன வயசு, லேப்டாப்பைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார், ஜெயச்சந்திரன் சாருக்கும் ஆட்டுகிறார், சாயந்திரம் அந்தத் தாளுக்கும் ஆட்டிவிடுவார். நாளைக்கு ரூமைப் பிரிக்க வெல்டிங்காரன் வந்து நிற்பான்.

எவ்வளவு அமைதி இங்கே. எனக்கு அமைதி ஆகாது என்று யாரிடம் சொல்வது. வெளியே சத்தம் நின்றால் என் வலது காதுக்குள் ஒரு தறி ஓட ஆரம்பித்துவிடும். இப்போதும் ஓடுகிறது, ஜெயச்சந்திரன் சாரின் ஆக்சுவலாவுக்குப் பின்னால் தடதடவென்று. வீட்டிலும் இதே கதைதான், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் ஷெட்டே என்னோடு பாயில் படுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர், பாவம், ஃபேன் சத்தம்தான் என்று நினைத்து ஃபேனுக்கு எண்ணெய் விட்டார், அப்புறம் ஃபேனையே மாற்றினார். டாக்டர் பஞ்சு வைத்த குச்சியால் காதைக் குடைந்துவிட்டு, இது நிக்காதும்மா, சத்தத்துல இருந்து அப்பப்ப காதுக்கு ஓய்வு குடுங்க, மேல அதிகமாகாமப் பாத்துக்கலாம் என்றார். ஓய்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஷெட்டுக்கு நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு பக்கம் விரிசல் விட்டு டேப் ஒட்டியிருக்கும், உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், எந்த வருஷத்தினுடையதோ ஒரு காலண்டர். வேலுமணி சாருக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் தன் போன் பேச்சுக்காகக் கட்டிக்கொண்டது, அவர் போன பிறகு எங்களுக்கு வந்தது. முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் முதலில் காதுக்குள் தறி இன்னும் வேகமாக ஓடும், பயமாக இருக்கும், எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும், ஆனால் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் ஒரு கட்டத்தில் அது தளரும், மோட்டாரை அணைத்த பிறகு சக்கரம் தானாகச் சுற்றி நிற்கிற மாதிரி. நின்றுவிடும். அந்த நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் அத்தனை தறியும் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும், பஞ்சு மெல்ல மிதந்துகொண்டிருக்கும், நம் பெண்கள் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி நடப்பார்கள். அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை, சத்தியமாக. வீட்டில்கூட நிற்காத தறி எனக்கு அங்கே மட்டும்தான் நிற்கிறது.

ருக்மணியின் குரலை நான் முதலில் கேட்டதும் அங்கேதான். பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேக்கைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுகிறாள். இந்தக் கூட்டத்தின் வழக்கம் அது, பேச ஒரு சூப்பர்வைசர், பார்க்க ஒரு தொழிலாளி, தொழிலாளிக்கு டீயும் கேக்கும் உண்டு, பேச்சு கிடையாது. நீயே பேசிடு புள்ள, நான் கேக்கத் திங்கறேன் என்று சொல்லித்தான் வந்தாள். நானும் அவளும் அடுத்தடுத்த தறியில் வேலை பார்த்தவர்கள். ஷெட்டுக்குள் கத்திப் பிரயோஜனம் இல்லை, தொண்டைதான் போகும், அதனால் யாரும் குரலே கொடுப்பதில்லை, உதட்டை மட்டும் அசைப்பது, மீதிக்குக் கை. கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர், கையைத் தூக்கிக் கவிழ்த்தால் தறி நின்றுவிட்டது. அப்படியே மாமியாரைத் திட்டுவோம், குழம்பு என்னவென்று கேட்போம், சேலைக்கு விலை சொல்வோம், விழுந்து விழுந்து சிரிப்போம், ஒரு பொட்டுச் சத்தம் வராது. அவளுக்கு ஒரு மெல்லிய, இழுத்துப் பேசுகிற குரல் இருப்பதாக நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்துக்கு அதுதான் பொருந்தியது. கண்ணாடி ரூமில் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கட்டால நகரு புள்ள என்றாள், கட்டைக் குரல், ஆம்பிளைக் குரல். யாரோ அவள் வாயைக் கடன் வாங்கிப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபமே வந்தது. இத்தனை நாள் என்னோடு பேசிய அந்த மெல்லிய குரல்காரி எங்கே போனாள். அவளும் என்னைப் பார்த்து, உன்ற குரல் இப்படியா இருக்கும், நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன் என்றாள். எப்படி நினைத்திருந்தாள் என்று இன்று வரை சொல்லவில்லை. அவள் மகளுக்கு இடம் அமைந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னாள், எங்கள் ஷெட்டுப் பரிமளா தன் புருஷன் செத்த விஷயத்தைச் சொன்னதும் அங்கேதான். உதட்டில் சொல்லியிருக்கலாம், நாங்கள் படித்துவிடுவோம், ஆனால் செத்ததை உதட்டில் சொல்ல முடியாது போல, அவள் தறியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள், சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அந்த இடத்தில்தான் சிவப்புக் கட்டம்.

இதையெல்லாம் இவர்களிடம் சொல்ல முடியுமா. இரண்டு தறி என்றால் இத்தனை மீட்டர் துணி என்று தனசேகர் சாரிடம் கணக்கு இருக்கிறது. பரிமளாவின் அழுகை எத்தனை மீட்டர் என்று கேட்டால் என்ன சொல்வது. நித்யகல்யாணி மேடத்திடம் கேட்டிருக்கலாம், அவர் எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். நேராக நில்லுங்கள், மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள், எதிரில் இருப்பவர்களை முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். பார்க்கிறேன். எம்.டி. முட்டைக்கோஸ், தனசேகர் சார் கொஞ்சம் வாடிய முட்டைக்கோஸ். பயம் போகவில்லை, சாயந்திரம் காய்கறி வாங்க வேண்டும் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த மேடம் நல்லவர்தான், ஆனால் அவர் ஷெட்டுக்குள் வந்ததில்லை. ஒவ்வொருவராக நிற்க வைத்துப் பேசச் சொல்லி போனில் வீடியோ எடுத்தார். என் முறை வந்தபோது நான் நன்றாகவே பேசினேன், கடகடவென்று வந்தது, எனக்கே ஆச்சரியம், முடித்துவிட்டுக் கைதட்டலுக்காக நின்றேன். யாரும் தட்டவில்லை. மேடம் வீடியோவைப் போட்டுக் காட்டினார், நான் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டினேன், ஸ்பீக்கர் போயிருச்சு போல என்றேன். படத்தில் என் வாய் அசைகிறது, கை அசைகிறது, முகமெல்லாம் பேசுகிறது, குரல் மட்டும் இல்லை. ஜெயச்சந்திரன் சார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. வீட்டில் என் வாய்க்குப் பக்கத்துத் தெருவே பயப்படும், ஒருவர் இருவரிடம் என்றால் குரல் தானாக வருகிறது, ஆனால் நாலைந்து முகம் ஒன்றாக என்னைப் பார்த்தால் உடம்பு ஷெட் என்று நினைத்துக்கொள்கிறது. கூட்டமாக இருக்கிறவர்களிடம் நான் பேசியது ஷெட்டில் மட்டும்தானே. குரலைத் தானாகவே அணைத்துவிடுகிறது, எனக்கும் சொல்வதில்லை. உள்ளே எனக்குக் கேட்கிறது, அதுதான் கொடுமை. கடைசியில் மேடம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார், பேசறப்ப தொண்டையில கை வச்சுப் பாருங்க, அதிர்ந்தா குரல் இருக்கு, அதிரலைன்னா இல்லை. அன்றிலிருந்து தொண்டையில் கை வைத்தபடிதான் பேசிப் பழகினேன், குழம்பு கிண்டும்போது, பஸ் நிறுத்தத்தில், என் வீட்டுக்காரர் பயந்துபோய், ஏனுங்கம்மிணி, தைராய்டு கீது இருக்குதா என்று கேட்டார்.

கைதட்டுகிறார்கள். சைசிங் முடிந்துவிட்டது. ஜெயச்சந்திரன் சார் மடிப்புக் கலையாமல் வந்து உட்காருகிறார். அடுத்து லூம் ஷெட், மகுடேஸ்வரி, வாங்கம்மா. நானா எழுந்தேன், யாரோ எழுந்தார்கள், என் செருப்பு நடக்கிறது. கம்பளத்தில் காலடிச் சத்தமே இல்லை. தனசேகர் சார் மைக்கைக் கையில் கொடுக்கிறார், கனமாக இருக்கிறது, குளிராக இருக்கிறது, இது பயிற்சியில் வரவே இல்லையே, மேடம் மைக் வைத்துப் பழக்கவில்லையே. ஒரு கையில் மைக், ஒரு கையில் தாள். மூன்றாவது கை இல்லை. சரி, பேசிவிடு. எல்லோருக்கும் வணக்கம். ஆகா, வருகிறது. என் பெயர் மகுடேஸ்வரி. இவ்வளவு எளிதா இது, இதற்கா ராத்திரி எல்லாம் புரண்டேன். தாளைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி ரூமை எடுக்காதீங்க சார் என்று நேராக எம்.டி. முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், எம்.டி. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்குகிறார், முன்னால் சாய்கிறார், கேட்கிறார், யார் பேசும்போதும் இப்படிக் கேட்டதில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்தில் பஞ்சு மிதக்கிறது. காதுக்குள் தறி ஓடுவதைச் சொல்கிறேன், ஃபேனை மாற்றியதைச் சொல்கிறேன், பரிமளாவைச் சொல்கிறேன், தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி எங்கள் பெண்கள் நடப்பதைச் சொல்கிறேன், இதெல்லாம் தாளில் இல்லாதவை, எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை, நூல் அறுந்துபோகாமல் வந்துகொண்டே இருக்கிறது. எல்லா முகமும் என்னையே பார்க்கிறது. தனசேகர் சார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்கிறார். பின்னால் ருக்மணி கேக்கைத் தட்டில் வைத்துவிட்டாள், அவள் கண் நிறைந்திருக்கிறது. நான் பேச்சாளியாகிவிட்டேன். அப்போது ருக்மணி கையைத் தூக்குகிறாள், மெல்லக் கவிழ்க்கிறாள். தறி நின்றுவிட்டது. எந்தத் தறி. மறுபடியும் தூக்கிக் கவிழ்க்கிறாள், என்னைக் காட்டுகிறாள்.

ஐயோ. எவ்வளவு நேரமாக. முதலிலிருந்தா. தனசேகர் சார் மைக்குக்காகக் கையை நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார், மைக் ஆன் ஆகலையாம்மா என்கிறார். ஜெயச்சந்திரன் சாரின் உதட்டோரத்தில் சிரிப்பு தயாராக இருக்கிறது. கதவு இடது பக்கம்தான், பத்தடி இருக்கும், தாளைப் போட்டுவிட்டு ஓடினால் யார் பிடிக்கப் போகிறார்கள், ஷெட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே எல்லோருக்கும் நான் பேசுவது கேட்கும், அங்கே நான் ஊமை இல்லை. ஆனால் ஷெட்டுக்குள் எங்கே போய் உட்காருவேன். சிவப்புக் கட்டத்திலா. ருக்மணியின் உதடு அசைகிறது, அந்த மெல்லிய குரல், நான் அவளுக்குக் கொடுத்த அந்தப் பழைய குரல், எனக்குள் கேட்கிறது, எனக்குக் கேட்டுருச்சு புள்ள, அத்தனையும் கேட்டுருச்சு, இப்ப அவங்களுக்குச் சொல்லு. தாளை எம்.டி.யின் மேஜை மேல் வைக்கிறேன். தனசேகர் சார் நீட்டிய கையில் மைக்கைக் கொடுக்கவில்லை. காலியான கையைத் தொண்டையில் வைக்கிறேன். ஒன்றும் இல்லை. வேர்வை, நாடித் துடிப்பு, தாலிக்கயிறு, அவ்வளவுதான். எல்லோரும் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ம், என்கிறேன். கைக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. ம்ம். இருக்கிறது. எங்கேயோ அடியில் இருக்கிறது, மேலே வா, வந்துவிடு.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க!"

ஷெட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. மைக் அதைத் தாங்காமல் கீய்ய்ய் என்று அலறியது. எம்.டி., தனசேகர் சார், ஜெயச்சந்திரன் சார், மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் மைக்கைக் கீழே வைத்தேன். அலறல் நின்றது. அவர்கள் கையை எடுக்கிறார்கள், ஒவ்வொருவராக, இன்னும் நம்பிக்கை வராமல். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் எழுதிவைத்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தொண்டையில் இருக்கிற கையை எடுக்காமல் பேசுகிறேன், அதிர்கிறது, நன்றாகவே அதிர்கிறது.

"இப்பக் காதப் பொத்துனீங்கல்லங்க சார்? அதே சத்தந்தானுங்க எங்களுக்கு ஷிப்ட் பூராவும். எங்க ரெண்டு கையும் நூல்ல இருக்குதுங்க. பொத்தறதுக்குக் கை இல்லீங்க. எங்களுக்குக் காதப் பொத்தற கை அந்தக் கண்ணாடி ரூம்தானுங்க. அதைய எடுத்துப்போடாதீங்க."

குரல் இப்படியா இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு, முடிவில் ஒரு நடுக்கம், ஆனால் மோசமில்லை. ருக்மணி எப்படி நினைத்திருந்தாளோ. காதுக்குள் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது எங்கே நிற்கப் போகிறது, ஆனால் அதற்கு மேலே என் குரல் கேட்கிறது. எம்.டி. லேப்டாப்பை மூடுகிறார். இவ்வளவு நேரம் ஏங்க சத்தமே இல்லாம வாய மட்டும் அசைச்சீங்க என்று கேட்கிறார், கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. நாங்க அங்க அப்படித்தானுங்க பேசுவோம், பழகிப்போச்சுங்க, வாய்விட்டுப் பேசறது அந்த ரூமுக்குள்ள மட்டுந்தானுங்க என்கிறேன். அவர் ஜெயச்சந்திரன் சாரைப் பார்க்கவில்லை, தனசேகர் சாரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கிறார். அந்த இரண்டு சிவப்புக் கட்டத்தையும் ரொம்ப நேரம் பார்க்கிறார். இந்த அமைதியில் நான் நிற்கிறேன், விழுந்துவிடவில்லை.

"தனசேகர், அந்த ரெண்டையும் எடுத்துருங்க. வேற இடம் இருக்குதான்னு பாப்போம், இல்லைன்னா வேண்டாம்" என்கிறார் எம்.டி. "நாளைக்கு நானும் ஷெட்டுக்கு வர்றேன். அந்த ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கோணும்."

தனசேகர் சார் மவுசை நகர்த்துகிறார். ஒரு கட்டம் போகிறது. இன்னொன்றும் போகிறது. அங்கே வெள்ளையாக, காலியாக ஒரு சின்ன இடம், அதற்குள் பெஞ்சு இருக்கிறது, தண்ணீர் கேன் இருக்கிறது, பரிமளா இருக்கிறாள், எனக்குத் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. தொண்டையிலிருந்து கையை எடுத்து எம்.டி.யைப் பார்த்துக் கும்பிட்டு, ரொம்ப நன்றிங்க சார், நீங்க நல்லா இருக்கோணும் என்று மனசார, நீளமாக, ஒரு குறையும் வைக்காமல் சொல்கிறேன். அவர் மறுபடியும் முன்னால் சாய்ந்து, புரியாமல், என் வாயையே பார்க்கிறார்.

"சத்தம் வரல புள்ள!" என்று கடைசி வரிசையிலிருந்து ருக்மணி சொல்கிறாள். பேச்சு கிடையாது என்ற வழக்கமெல்லாம் அவளுக்கு மறந்துபோய்விட்டது. சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், அந்தக் கட்டைக் குரலில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி.